வரைய வராதவர் ஹாலிவுட்டில் காஸ்ட்யூம் டிசைனர் ஆகலாமா?

கேள்வி: ஃபேஷன் டிசைனிங் படித்தவள். திருமணமாகி லாஸ் ஏஞ்சலிஸ் வந்துவிட்டேன்; வேலை அனுமதியும் இருக்கிறது. சினிமாவில் காஸ்ட்யூம் டிசைனர் ஆக ஆசை. நன்றாகத் தைப்பேன், ஆனால் வரைவது சுமார்தான். எங்கே தொடங்கலாம்?

பதில்: தாராளமாக வரலாம். ஆடை வடிவமைப்புக்கு 8 ஆஸ்கர் வாங்கிய ஈடித் ஹெட், 1920களில் பாரமவுண்டில் வேலை கேட்டுப் போனபோது காட்டியது கூடப் படித்தவர்கள் வரைந்த படங்களை! பிற்பாடு அவரே இதை ஒப்புக்கொண்டார். நீங்கள் அந்த வேலையெல்லாம் செய்யாதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. டிசைனர் மனதில் இருப்பதை வரைந்து கொடுக்கத் தனியாக இல்லஸ்ட்ரேட்டர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் பழக வேண்டியது திரைக்கதையைப் பிரித்து எழுதுவது. கதாநாயகன் மழையில் சண்டை போட்டுச் சட்டை கிழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு முன் சுத்தமான சட்டை, நனைந்தது, கிழிந்தது, ரத்தம் பட்டது என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சட்டை வேண்டும். டேக் சரியில்லை என்றால் மறுபடி எடுக்க உபரி வேண்டும். டூப் போடுபவருக்கு, உள்ளே பாதுகாப்புப் பட்டை கட்ட ஒரு சைஸ் பெரிதாக வேண்டும். ஆக, திரையில் ஒரே சட்டை. ரேக்கில் பத்துப் பன்னிரண்டு. காட்சிகளை வரிசையாக எடுக்க மாட்டார்கள் என்பதால், கிழிசல் எந்தத் தோளில், கறை எவ்வளவு அகலம் என்று போட்டோவோடு குறித்து வைத்தாக வேண்டும். புதுத் துணியைப் பழசாக்குவதும் ஒரு தனிக் கலை. சாகசப் பட நாயகன் இண்டியானா ஜோன்ஸின் தோல் ஜாக்கெட்டை, முதல் படத்தின் டிசைனர் டெபோரா நடூல்மன் லேண்டிஸ் கம்பி பிரஷ்ஷும் கத்தியும் வைத்துச் சுரண்டித்தான் அந்த நிலைக்குக் கொண்டுவந்தார்.

ஹாலிவுட்டில் இந்தத் துறைக்குத் தொழிற்சங்கம் இரண்டு. டிசைனர்கள், உதவி டிசைனர்கள், இல்லஸ்ட்ரேட்டர்களுக்கு லோக்கல் 892 என்ற சங்கம். படப்பிடிப்பில் உடைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், வெட்டித் தைப்பவர்கள், சாயமேற்றுபவர்களுக்கு லோக்கல் 705. பெரிய ஸ்டூடியோ படங்களில் பெரும்பாலும் உறுப்பினர்களுக்குத்தான் வேலை. அதனால் முதலில் மாணவர் படங்கள், சிறு பட்ஜெட் படங்கள் என்று போங்கள். கூலி குறைவாக இருந்தாலும் சம்பளச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சங்கத்தில் சேரும்போது அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள்.

1912 முதல் இயங்கும், இப்போது வடக்கு ஹாலிவுட்டில் இருக்கும் வெஸ்டர்ன் காஸ்ட்யூம் மாதிரியான உடை வாடகை நிறுவனங்களிலும் கேட்டுப் பாருங்கள். எந்தக் காலத்துச் சட்டைக்கு எந்தக் காலர் என்பதை அங்கே துணியைத் தொட்டே கற்றுக்கொள்ளலாம். எந்தக் கல்லூரியிலும் அவ்வளவு கிடைக்காது என்பது என் கருத்து.

போர்ட்ஃபோலியோவில் ஃபேஷன் ஷோ கவுன்கள் மட்டுமே இருந்தால் யாரும் இரண்டாவது பக்கம் புரட்ட மாட்டார்கள். ஒரு குறும்படத்தின் காட்சிப் பட்டியல், செலவுக் கணக்கு, நடிகர் அணிந்த படங்கள் இவற்றை வையுங்கள். தையல் தெரியும் என்பதை ஏதோ துணைத் தகுதிபோல எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் முதல் வரியாகவே போடுங்கள். காலையில் ட்ரையல் பார்த்த கோட்டை மதியத்துக்குள் பிடித்துத் தரும் ஆளுக்கு எந்த யூனிட்டிலும் இடமுண்டு.