தினமும் காலையில் ஃபோனை கார் செட்டோடு ப்ளூடூத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. செட்டையே மாற்றத்தான் வேண்டுமா?

கேட்டவர் ரங்கூனில் இருக்கிறார். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. ராத்திரி வரை நன்றாகப் பாடிய செட், காலையில் ஃபோனை யாரென்றே தெரியாத மாதிரி நிற்கிறது. சில நாள் சேர்ந்தாலும் அழைப்பு மட்டும் வருகிறது, பாட்டு வரவில்லை. கடையில் போய்ச் சொன்னால், இதைக் கழற்றிவிட்டுப் புது ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போடுங்கள் என்கிறார்கள்.

உடனே மாற்றிவிடாதீர்கள். நாளைக் காலையில் சாவி போட்டதும் ஃபோனைத் தொடாமல், செட்டில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பயின்னவுங் சந்தையிலிருந்து உளுந்தும் பாசிப்பயறும் ஏற்றிக்கொண்டு பெகு வரைக்கும் போய்வரும் வேலை எனக்கு, வண்டி டொயோட்டா ப்ராபாக்ஸ். எட்டு மாதம் தினமும் காலையில் மூட்டை ஏற்றும் நேரத்தில் ஃபோனில் பழைய பெயரை அழித்து, செட்டில் தேடவிட்டு, நான்கு சைபர் எண் போட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "ஏம்ப்பா, இந்தக் கடிகாரம் தினமும் பன்னெண்டுலயே நிக்குது?" என்றார். அதுவரை என் கண்ணில் அது படவே இல்லை. ரேடியோவில் குறித்து வைத்த நிலையங்களும் போயிருந்தன. அப்படியென்றால் மறந்தது ப்ளூடூத் மட்டும் இல்லை, செட் மொத்தமாகவே ராத்திரியில் எல்லாவற்றையும் மறக்கிறது.

காரணம் வயரில். கார் செட்டுக்கு இரண்டு வழியில் கரண்ட் வரும். மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவியை எடுத்தாலும் அதில் 12 வோல்ட் இருக்கும். நேரம், நிலையங்கள், சேர்த்து வைத்த ஃபோன்கள் என்று பல செட்டுகள் தங்கள் நினைவை இதை நம்பித்தான் வைத்திருக்கின்றன. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் உயிர் பெறுவது. கறுப்பு எர்த். என் வண்டியில் செட்டை வெளியே இழுத்துப் பார்த்தபோது மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, சாவி வயரிலேயே கோத்திருந்தார்கள். டேப்பின் பசை இளகி, கையில் கருப்பாக ஒட்டியது. எப்போதோ பேட்டரி இறங்கிப்போனதற்காக முன்னால் வைத்திருந்தவர் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கலாம், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல செட் நினைவுக்காக இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. அதனால் பேட்டரி இறங்கினால், கிழடானது பேட்டரி, அல்லது வேறெங்கோ கசிவு இருக்கிறது.

ஒரு டெஸ்ட் லேம்ப், அதாவது வயரில் கரண்ட் இருந்தால் எரியும் சின்ன விளக்கு, போதும். சாவியை எடுத்துவிட்டு மஞ்சளில் வையுங்கள். எரியவில்லையென்றால் உங்கள் நோய் அதுதான். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள், ரேடியோ நினைவுக்கென்று பல வண்டிகளில் தனி ஃப்யூஸ் இருக்கும். அது சரியாக இருந்தால் வயரிங் சயாவிடம் (வயர் வேலை செய்யும் மெக்கானிக்கிடம்) கொண்டுபோய், "மஞ்சளை நேர் கரண்டுக்கு மாற்றுங்கள்" என்று இந்த வார்த்தையையே சொல்லுங்கள். பொதுவாக "ப்ளூடூத் சரியில்லை" என்று சொன்னால் பேச்சு புது ஸ்க்ரீனுக்குத்தான் போகும். டொயோட்டாவின் சொந்த வயர்களில் நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது நேர் கரண்ட், சாம்பல் நிறம் சாவி கரண்ட். ஆனாலும் பழைய வண்டியில் யார் எதை வெட்டி எதில் ஒட்டியிருக்கிறார்களோ, லேம்ப் வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்ப வேண்டாம். இன்னொன்று: சில ஜப்பான் நேவி செட்டுகள் (வழி காட்டும் வரைபடத் திரை உள்ளவை) பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பூட்டிக்கொண்டு ரகசிய எண் கேட்கும். எண் இல்லாதவர்கள் பேட்டரியைக் கழற்றும் முன் சயாவிடம் சொல்லிவிடுங்கள்.

நேவி செட்டாக இருந்தால் கடிகாரம் ஏமாற்றும். செயற்கைக்கோளிலிருந்து நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், அதுவும் ஜப்பான் நேரமாக, நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் காட்டும். அது கோளாறு இல்லை. அந்த மாதிரி செட்டில் ரேடியோ நிலையங்கள் நினைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடிகாரமும் நிலையங்களும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் சேரவில்லை என்றால், அப்போதுதான் இது ப்ளூடூத் விஷயம். முதல்முறை சேர்க்கும்போது ஃபோனும் செட்டும் ஒரே ரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. நாம் பொதுவாகச் செய்யும் தவறு, ஃபோனில் மட்டும் அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பது. செட்டிடம் பழைய சாவி அப்படியே இருக்கும், ஃபோனிடம் இருக்காது. இரண்டும் ஒத்துப்போகாமல் பல செட்டுகள் அப்படியே நின்றுவிடும். அதனால் இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். ஃபோனில் அந்தப் பெயரை மறக்கச் சொல்லுங்கள். செட்டிலும் உள்ளே போய் அழியுங்கள். பழைய செட்டுகளுக்கு நான்கைந்து ஃபோனுக்குத்தான் இடம் இருக்கும். ஜப்பானில் வண்டி வைத்திருந்தவரின் ஃபோன்கள் இன்னும் அதில் உட்கார்ந்திருக்கலாம், எல்லாவற்றையும் அழியுங்கள். பிறகு ஃபோனை ஒருமுறை அணைத்துப் போட்டு, புதிதாகச் சேருங்கள். எண் கேட்டால் 0000 அல்லது 1234.

செட்டின் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில் இருக்கிறதே என்பீர்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு ஃபோனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து, கேமராவைத் திரைக்கு நேராகப் பிடியுங்கள், படித்துச் சொல்லிவிடும். கை பிரேக் போட்டிருக்க வேண்டும். வண்டி ஓடும்போது அந்த செட்டுகள் சேர்க்கும் பக்கத்தையே திறக்காது, பட்டன் சாம்பலாகக் கிடக்கும். நான் இது தெரியாமல் ஒரு மதியம் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தேன்.

அழைப்பு வருகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்பதற்கு வருகிறேன். ப்ளூடூத் என்பது ஒரே பாதை இல்லை. பேச்சுக்கு ஒரு முறை, பாட்டுக்கு வேறு முறை. ஃபோனில் செட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் இரண்டும் தனித்தனி பொத்தானாகத் தெரியும். மீடியா ஆடியோ அணைந்திருந்தால் போடுங்கள். செட்டிலும் ரேடியோவிலிருந்து ப்ளூடூத் ஆடியோவுக்கு மாற்ற வேண்டும், பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். மீடியா பொத்தானே காணவில்லையென்றால் அந்தப் பழைய செட் பேச மட்டும் செய்யப்பட்டது, எத்தனை முறை சேர்த்தாலும் அதில் பாட்டு வராது. ஆக்ஸ் ஓட்டை (வெளியிலிருந்து பாட்டு வயர் மாட்டும் துளை) இருந்தால் அதில் மாட்டும் சின்ன ப்ளூடூத் ரிசீவர் வாங்குங்கள்.

ஆக்ஸும் இல்லாதவர்கள் சிகரெட் லைட்டரில் மாட்டும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்குவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கருவி ஃபோன் பாட்டை ரேடியோ அலையாக்கி 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பும். பழைய ஜப்பான் ரேடியோ 76 முதல் 90 வரைதான் பிடிக்கும். ஆக உங்களுக்குப் பொதுவாக இருப்பது 87.5 முதல் 90 வரையான சின்னத் துண்டு, அதற்குள் ரங்கூனில் 89-இல் சிட்டி எஃப்எம் இருக்கிறது. 87.7 அல்லது 88 பக்கம் வையுங்கள். கருவி 100-இல் இருந்தால் ரேடியோவில் எவ்வளவு திருகினாலும் சத்தம் வராது, வீணாகத் திருப்பிக் கொடுக்கப் போவீர்கள்.

விட்டு விட்டு வருவதென்றால் பின்பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்து டேஷ்போர்டில் வையுங்கள், நம் உடம்பே அந்த அலையைத் தின்னும். பேட்டரி சேமிப்பு பாட்டு ஆப்பை நிறுத்துகிறதா என்றும் பாருங்கள். தமிழில் பதிந்த பெயர்கள் திரையில் கட்டம் கட்டமாக வந்தால், செட்டில் தமிழ் எழுத்து இல்லை என்பதுதான் காரணம். அடிக்கடி அழைப்பவர்களின் பெயரை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1970-இல் சாலையின் வலப்பக்கம் ஓட்டும்படி மாற்றினார்கள், ஆனால் நம் வண்டிகளில் இன்னும் வலப்பக்கம்தான் ஸ்டியரிங். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது நமக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். என் அப்பா பெகு சாலையில் அதைத்தான் செய்கிறார். அந்த நேரத்தில் ஒரு கையில் ஃபோனை வைத்து யாராவது பேசினால் எனக்கு வயிறு கலங்கும். உங்கள் செட் பேச வேண்டும், அதுவும் தானாகச் சேர்ந்து பேச வேண்டும்.

நாளைக்குக் கடிகாரம் என்ன காட்டியது என்றும், செட்டின் முகப்பில் இருக்கும் மாடல் எண்ணையும் எழுதுங்கள். மஞ்சள் வயரில் லேம்ப் எரிந்ததா என்பதையும் சேர்த்து.