மர எலிவேட்டர் ஏன் சாயுது?

கேள்வி: கனடால கல்கரில இருக்கேன். ப்ரெய்ரி (பரந்த புல்வெளிச் சமவெளி) ஊர்கள்ல நிக்கற பழைய மர தானிய எலிவேட்டர (ரயில்ல ஏத்தறதுக்கு முன்னாடி தானியத்தச் சேத்து வைக்கற ஒசரமான கட்டடம்) போட்டோ எடுத்தா பின்னாடி சாயற மாதிரியே விழுது, என்ன பண்ண?

பதில்: கிட்ட போய் கேமராவ அண்ணாந்து புடிக்கறீங்க, அதான். கட்டடம் சுமாரா 80 அடி ஒசரம், அதனால நல்லா தள்ளிப் போய் வயக்காட்டு ரோட்டுலேர்ந்து ஜூம் போட்டு கேமராவ நேரா வச்சு எடுங்க, நிலம் தட்டையா கெடக்கறதால எதுவும் மறைக்காது. மத்தியான வெயில் வேஸ்ட்டு, சாயங்காலம் பக்கவாட்டுல வெளிச்சம் விழும்போதுதான் பலகையும் உரிஞ்ச பெயிண்ட்டும் எடுப்பா தெரியும். ஆங்கிளுக்காக தண்டவாளத்துல மட்டும் ஏறாதீங்க. உங்களுக்குப் பக்கத்துல நான்டன்ல மூணு நிக்குது, மானிடோபா இங்லிஸ்ல அஞ்சு வரிசையா இருக்கு. தள்ளிப் போடாதீங்க, சஸ்காட்சுவான் ஃப்ளெமிங்ல 1895ல கட்டினது 2010ல எரிஞ்சே போச்சு.