கம்பளி நூலும் கொலைத் துப்பும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, பின்னல் கடையைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

என் மகள் வாங்கித் தந்த ஆங்கில நாவலில் ஒரு கொலை நடக்கிறது; கடைசிப் பக்கங்களில் கழுத்துத் துண்டு பின்னும் முறையும் இருக்கிறது. இது என்ன வகை நாவல்? கொலைக் கதையைப் படித்து மனம் அமைதி அடைவது சரிதானா?
– வாசகி, ஈரோடு

இவ்வகை நாவல்களைக் ‘கோஸி மிஸ்டரி’ என்கிறார்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூர், அங்கே நடக்கும் ஒரு கொலை, காவல்துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் அதைத் துலக்குவது என்பதே இவற்றின் பொதுவான அமைப்பு. கொலை பெரும்பாலும் வாசகரின் கண்ணெதிரே நடப்பதில்லை; ரத்தமும் சித்திரவதையும் வர்ணிக்கப்படுவதில்லை. பின்னல், எம்பிராய்டரி, துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் க்வில்ட், சமையல், குறுக்கெழுத்துப் புதிர் என ஏதேனும் ஒரு கைவேலையையோ பொழுதுபோக்கையோ மையமாக வைத்து எழுதப்படும் தொடர்கள் 1990-களிலிருந்து அமெரிக்காவில் பெருகின. உங்கள் மகள் தந்தது அந்தக் கிளையைச் சேர்ந்தது.

மன அமைதி கிடைப்பதில் தவறேதும் இல்லை. பின்னுகிறவர்களுக்குத் தெரியும்: எங்கோ ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவிவிட்டால், பத்து வரிசை தாண்டிய பிறகுதான் அது கண்ணில் படும், அப்போது பதறாமல், நழுவிய இடம்வரை இறங்கிப்போய், அந்தக் கண்ணியை ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்றிக் கொண்டுவர வேண்டும். இந்த நாவல்கள் செய்வதும் அதையேதான். நாம் அமைதி அடைவது ஒருவர் இறந்ததால் அல்ல, அந்த இறப்பைப் பொருட்படுத்தி, அது நேர்ந்த இடம்வரை பொறுமையாகத் திரும்பிச் செல்ல ஒருவர் இருக்கிறார் என்பதால்தான்.

பின்னலும் தையலும் இந்தக் கதைகளில் வெறும் அலங்காரம்தானே? துப்பறிவதற்கும் அவற்றுக்கும் உண்மையில் என்ன உறவு?
– வாசகர், திருநெல்வேலி

சில நாவல்களில் அலங்காரம்தான். அவற்றை நான் பாதியில் மூடிவைத்திருக்கிறேன். ஆனால் நல்ல நாவல்களில் உறவு மிக ஆழமானது, அதன் வேரும் பழையது.

அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிள் முதன்முதலாகத் தோன்றிய சிறுகதை 1927 டிசம்பரில் ஓர் ஆங்கில மாத இதழில் வெளிவந்தது. ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியர், ஒரு மதகுரு, ஒரு வழக்கறிஞர், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர் ஆகியோர் ஒரு வீட்டு வரவேற்பறையில் கூடியிருக்கிறார்கள். ஆளுக்கொரு மர்மத்தைச் சொல்லி மற்றவர்கள் விடை காண வேண்டும் என்று முடிவெடுத்துத் தலைகளை எண்ணும்போது ஐந்து பேர் என்று கணக்கு வருகிறது. தன்னை மறந்துவிட்டதாக மிஸ் மார்பிள் புன்னகையோடு நினைவூட்டுகிறார். அந்த வீடே அவருடையது. அவர் ஒரு நாற்காலியில் அமர்ந்து வெள்ளைக் கம்பளியில் பின்னிக்கொண்டிருக்கிறார். கை வேலையாக இருக்கும் பெண் காதைத் தீட்டியிருக்க மாட்டாள் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். பின்னிக்கொண்டிருப்பவரின் முன்னால் மனிதர்கள் தயங்காமல் பேசுகிறார்கள். இந்த வகைக் கதைகள் அனைத்துக்கும் ஆதாரமான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன்.

அடுத்தது கைவேலையே தரும் அறிவு. ஒரே நிறக் கம்பளி நூலாக இருந்தாலும் வெவ்வேறு முறை சாயம் தோய்த்த உருண்டைகளுக்கு இடையே சாயல் சற்று மாறும். அதனால்தான் உறையில் சாயத் தொகுதி எண் அச்சிடப்படுகிறது. பின்னியதைப் பிரித்தால் அந்த நூல், நனைத்து உலர்த்தும்வரை சுருள் சுருளாகவே நிற்கும். ஒரே ஊசியும் ஒரே நூலும் கொண்டு இருவர் பின்னினாலும், ஒருவர் கை இறுக்கமாகவும் மற்றவர் கை தளர்வாகவும் இருப்பதால் அளவு வேறுபடும். நெடுநாள் பழகியவர்கள் ஒரு ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்து இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு தடயம். தடயவியல் கூடத்தில் தெரிய வேண்டியது கடையின் மேசையிலேயே தெரிந்துவிடுகிறது.

கைவேலைதான் என்றில்லை, பொழுதுபோக்கு எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். டாரத்தி சேயர்ஸ் 1934-இல் எழுதிய ‘தி நைன் டெய்லர்ஸ்’ நாவலில், தேவாலய மணிகளைக் கணித வரிசைகளில் மாற்றி மாற்றி ஒலிக்கும் ஆங்கிலேயரின் பழக்கம்தான் கதையின் உடலும் உயிரும். மணி அடிப்பதை எடுத்துவிட்டால் அந்த நாவலில் மர்மமும் இல்லை, விடையும் இல்லை. நான் எந்த நாவலுக்கும் வைக்கும் சோதனை இதுதான்: கைவேலையை நீக்கிப் பாருங்கள், கதை குலையாமல் நின்றால் அது ஒட்டவைத்த சரிகை.

எங்கிருந்து தொடங்கலாம்? எனக்கு எம்பிராய்டரி மட்டும் கொஞ்சம் தெரியும்.
– வாசகி, கோயம்புத்தூர்

மோனிகா ஃபெரிஸ் எழுதிய ‘க்ரூவல் வேர்ல்ட்’ (1999) உங்களுக்கு ஏற்றது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எக்செல்சியர் என்னும் ஏரிக்கரை ஊரில் நடக்கிறது. சகோதரியின் ஊசிவேலைக் கடைக்கு வந்து சேரும் பெட்சிக்கு ஆரம்பத்தில் அந்தக் கலையே தெரியாது; சகோதரியின் கொலைக்குப் பிறகு கடையை நடத்திக்கொண்டே அவர் கற்றுக்கொள்ள, நாமும் கூடவே கற்றுக்கொள்கிறோம்.

அடுத்ததாக எர்லீன் ஃபௌலரின் ‘ஃபூல்ஸ் பசில்’ (1994). கலிபோர்னியாவில் கால்நடைப் பண்ணையில் வாழ்ந்த ஓர் இளம் விதவை, நாட்டார் கலை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகிறார். இந்தத் தொடரின் நாவல்களுக்குத் தலைப்பாக க்வில்ட் வடிவங்களின் பெயர்களே வருகின்றன. துக்கத்தை இவ்வளவு நிதானமாக எழுதியவர்கள் இவ்வகையில் குறைவு என்பது என் கருத்து. இதே தொடரின் ‘மாரினர்ஸ் காம்பஸ்’ நாவலுக்கு அகதா விருது கிடைத்தது. இவ்வகை எழுத்துக்கென்றே தரப்படும் அந்த விருது ஒரு தேநீர்க் கெண்டி வடிவில் இருக்கும்.

ஒரு சின்ன ஊரில் இத்தனை கொலைகள் நடக்குமா?
– வாசகர், புதுச்சேரி

நடக்காது. 1984 முதல் 1996 வரை ஓடிய ‘மர்டர், ஷி ரோட்’ துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் வரும் கேபட் கோவ் என்ற சிற்றூரைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே மக்கள் பன்னிரண்டு பருவங்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு கதைக்குள்ளும் அந்த ஒரு மரணம் கனமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நாவலின் முடிவில் இருந்த குரோஷா முறைப்படி பின்னினேன். படத்தில் உள்ளதைவிட மிகவும் உயரமாக, தொளதொளவென்று வந்துவிட்டது. முறையே தவறா?
– வாசகி, தஞ்சாவூர்

முறையில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. குரோஷா கண்ணிகளின் பெயர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒன்றல்ல. அமெரிக்கர்கள் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைப் பிரிட்டனில் ‘டபுள் குரோஷே’ என்பார்கள். அமெரிக்கர்களின் ‘டபுள்’ அங்கே ‘ட்ரெபிள்’ ஆகிவிடும். நீங்கள் பிரிட்டிஷ் முறையில் எழுதிய ‘டபுள்’ கண்ணியை அமெரிக்க முறைப்படி போட்டிருந்தால், ஒவ்வொரு கண்ணியும் உயரமாகத்தான் வரும். நாவலின் களமும் பதிப்பும் எந்த நாட்டைச் சேர்ந்தவை என்று பார்த்துவிட்டு, நான்கு விரல் அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்த பிறகு மீண்டும் தொடங்குங்கள். முறையில் ‘சிங்கிள் குரோஷே’ என்ற பெயர் வந்தால் அது அமெரிக்க வழக்கு என்று உறுதி செய்துகொள்ளலாம்.

தமிழில் இப்படி ஒரு கதை எழுத ஆசை. ஸ்வெட்டர் பின்னும் குளிர் எங்கள் ஊரில் இல்லையே?
– வாசகி, மதுரை

குளிர் எதற்கு? உங்கள் ஊரில் மல்லிகை இருக்கிறது. பூக்கட்டுகிறவர் கைக்குக் கை சரம் வேறுபடும்: ஒரு முடிச்சுக்கு எத்தனை பூ, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் எவ்வளவு இடைவெளி, நூலா வாழைநாரா, நார் என்றால் நனைத்ததா என்று பழகிய கண் ஒரு நொடியில் பிரித்தறியும். காலையில் கட்டிய அரும்பு மாலையில் எந்த அளவு மலர்ந்திருக்கும் என்பதும் பூக்கடைக்காரருக்குத் தெரியும். இறந்தவரின் கூந்தலில் இருந்த சரத்தைப் பார்த்து, ‘இது நான் கட்டியது இல்லை, இன்று பறித்த பூவும் இல்லை’ என்று அவர் சொல்வதிலிருந்து கதையைத் தொடங்கிப் பாருங்கள். ஆனால் எழுத உட்காரும் முன், பூக்கட்டும் ஒருவர் பக்கத்தில் ஒரு வாரமாவது அமர்ந்து, நீங்களும் ஒரு முழம் கட்டிப் பழகிவிடுங்கள். எழுதி முடித்ததும் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள்.