கேள்வி நேரம்: பாம்புக்கடியும் 20 நிமிடச் சோதனையும்

கேள்வி: பாம்பு கடித்து வந்தவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் சும்மா வைத்திருந்தார்கள். உடனே விஷமுறிவு மருந்து போட வேண்டாமா?

பதில்: அந்த 20 நிமிடமும் சோதனைதான். ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் தின்று தீர்த்துவிடும். அது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, சிரை ரத்தம் 2 மி.லி. எடுத்து, உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு அசையாமல் நிறுத்துவார்கள். 20 நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை சாய்ப்பார்கள். தண்ணீராக ஓடினால் மருந்து ஏற்றியாக வேண்டும்.

இந்தச் சோதனை தப்பாவது பெரும்பாலும் குழாயால்தான். கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூளில் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். பொறுமையில்லாமல் இடையில் ஆட்டிப் பார்ப்பதும் தப்பு.

மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்தே மறுசோதனை. மருந்து விஷத்தை முறிக்கும், அவ்வளவுதான். ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் புதிதாகச் சுரக்க வேண்டும்.

ஈறில் ரத்தம் கசிந்தாலோ, நாகம், கட்டுவிரியன் கடியில் இமை சரிந்தாலோ இந்தச் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. இவ்விரு பாம்புகளின் விஷம் நரம்பைத் தாக்குவது; அதில் ரத்தம் ஒழுங்காக உறையும், மூச்சு நின்றுபோகும். குழந்தைக்கும் பெரியவர் அளவு மருந்துதான். பாம்பு ஆள் பார்த்தா விஷத்தைக் குறைக்கிறது?