அம்மாவின் மறதிக்குக் குடல் பொடியா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கூடவே கேஸ் மாத்திரை. ஆறு மாதமாக மறதி, மலச்சிக்கலும் உண்டு. குடல் கெட்டதால்தான் மூளை கெடுகிறது என்று ஒருவர் வீடு தேடி வந்து, மலப் பரிசோதனைக்கும் பொடிக்கும் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? – வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொல்வதில் கால்பங்கு உண்மை இருக்கிறது, அதுதான் வம்பு. அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களின் குடலில் வாழும் பாக்டீரியா கிருமிகள் மற்றவர்களுடையதைவிட மாறுபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கிருமி மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்து சாப்பாடு மாறியதால் கிருமி மாறியதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மறதி நோய்க்கு நாம் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களை 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. காது மந்தம், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை எல்லாம் இருக்கின்றன. குடல் கிருமி இல்லை. இந்தப் பொடிகள் பெரும்பாலும் உணவுப் பொருளுக்கான உரிமத்தில் விற்பவை. டப்பாவில் இருக்கும் 14 இலக்க எண்ணைக் காட்டி 'கவர்மெண்ட் அப்ரூவல்' என்பார்கள். ஊறுகாய்ப் பாட்டிலிலும் அதே மாதிரி எண் இருக்கிறது.

வயிற்று வழியாக மறதி வரும் பாதை ஒன்று உறுதியாகத் தெரியும்: பி12 என்ற வைட்டமின் குறைபாடு. சாப்பாட்டிலிருந்து பி12ஐப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அந்த அமிலத்தையே அடக்குகிறது. மெட்ஃபார்மின் பல வருடம் போனால் பி12 குடலில் சேர்வதும் குறையும். உங்கள் அம்மா இரண்டையும் சாப்பிடுகிறார். காய்ச்சலுக்குப் போனாலும் சீட்டின் கடைசி வரியில் டாக்டர்கள் நாங்கள் கேஸ் மாத்திரை எழுதுகிறோம், எப்போது நிறுத்துவது என்று மட்டும் எழுதுவதில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்!

அம்மாவின் நாக்கைப் பாருங்கள். சொரசொரப்பு போய் வழவழவென்று சிவந்திருக்கிறதா? பாதம் எரிகிறதா? அப்படியென்றால் சந்தேகம் கூடுகிறது. இல்லாவிட்டாலும் ரத்தத்தில் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால் தெருமுனை கிளினிக்கில் 'சத்து ஊசி' மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் பி12 இருக்கும். அப்புறம் ரத்தத்தில் அளவு நிறைவாகத்தான் காட்டும், குறை இருந்ததே தெரியாமல் போகும். மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மலச்சிக்கலுக்குக் கீரை, தண்ணீர், நடை உதவும்.

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்கோ காலையிலேயே போய்விடுங்கள். அம்மா எதையெல்லாம் மறக்கிறார், எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல உங்களுக்கும் சங்கடமாக இருக்கும்.