முட்டியைக் கழுவிய கதை

கேள்வி: என் அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். மூன்று வருடம் முன்பு கோவையில் துளை போட்டு மூட்டுக்குள் கழுவிவிட்டார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். இன்னொரு டாக்டரோ 'அது வீண் செலவு' என்கிறார். காலங்காலமாக நடக்கும் சிகிச்சையை மறுபடி கிளறி, நோயாளியின் நம்பிக்கையைக் கெடுப்பது நியாயமா?
– வாசகி ஒருவர், காங்கேயம்

பதில்: அம்மா நடப்பதில் சந்தோஷம். ஆனால் கழுவியதால்தான் நடக்கிறாரா?

அமெரிக்காவில், ஹூஸ்டனில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் இதைச் சோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். தேய்மானம் உள்ள 180 பேர். சிலருக்கு மூட்டைக் கழுவினார்கள், சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டார்கள். தனக்கு நடந்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் பார்த்தும் வலியில் வித்தியாசமில்லை. வெறும் தையல் மட்டும் போட்டுக்கொண்டவர்களும் உங்கள் அம்மா மாதிரி 'பரவாயில்லை' என்றே சொன்னார்கள்.

சும்மா கீறுவது பாவமில்லையா என்று கேட்பீர்கள். எனக்கு நடப்பது பொய் ஆபரேஷனாக இருக்கலாம், அதனால் முட்டிக்குப் பயன் இருக்காது என்று ஒவ்வொருவரும் கைப்பட எழுதிக் கொடுத்த பிறகே சேர்த்தார்கள். 144 பேர் மாட்டோம் என்று விலகிவிட்டார்கள். உங்கள் அம்மா கையெழுத்துப் போட்ட தாளில் அப்படி ஒரு வரி இருந்ததா? இப்போது சொல்லுங்கள், நம்பிக்கையோடு விளையாடியது யார்?

சர்வதேச மருத்துவக் குழு ஒன்று 'தேய்மான முட்டிக்கு இது வேண்டாம்' என்று அழுத்திச் சொன்னது 2017இல். பதினைந்து வருடம்! சோமனூரில் தறி ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கருவி வாங்கிய கடன் இருக்கிறது, பழகிய கை இருக்கிறது, 'எனக்குக் குணமாச்சுங்க' என்று சொல்ல ஆளும் இருக்கிறது. லேசில் நிற்குமா? (கபடியில் சவ்வு கிழிந்த பையனுக்கு அதே கருவி தேவைப்படலாம், அது வேறு கதை.)

ஒன்றில் உங்கள் பக்கம்தான். வீண் செலவு என்று காப்பீட்டில் இதை வெட்டுவதானால், பதிலுக்கு ஒன்றும் தராமல் விடுவது அநியாயம். தேய்மானத்துக்குப் பலன் தருகிற உடற்பயிற்சியைச் சொல்லித்தர ஆள் பக்கத்திலேயே வேண்டும். முட்டி வலிக்காரரை அதற்காக வாரம் இரண்டு தடவை கோவை பஸ்ஸில் ஏற்றினால் எப்படி? காசுள்ளவருக்குத் தனியாரில் அதே கழுவல் தொடர்ந்தால், 'ஏழைக்கு மட்டும் இல்லையாம்' என்ற பேச்சும் கிளம்பும். நிறுத்தினால் இரு பக்கமும் நிறுத்த வேண்டும்.

அம்மாவிடம் இதையெல்லாம் இன்றே கொட்ட வேண்டாம். அடுத்த காலுக்கும் தேதி வாங்கியிருக்கிறார் என்றால் மட்டும், அதற்கு முந்தின வாரமே சொல்லிவிடுங்கள்.