உதிரும் செல், வெடிக்கும் செல்

கேள்வி: என் மகனுக்கு வயது 24. ஓராண்டுக்கு முன் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) என்று கண்டறிந்தார்கள். மருந்து சாப்பிட்டு வருகிறான். குடலின் செல்கள் அளவுக்கு மீறி இறப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்று படித்தேன். அப்படியானால் செல்கள் இறக்காமல் தடுக்கும் மருந்து ஒன்று கொடுத்தால் போதாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்தது பாதி உண்மை. குடலைப் பொறுத்தவரை செல்கள் இறப்பது அன்றாடம் நடக்கும் வேலை. குடலின் உட்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியப் படலம் ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. அதன் ஒரு பக்கம் உணவுச் சாறும் கோடானுகோடி பாக்டீரியாக்களும் இருக்கின்றன. மறு பக்கம் இரத்த நாளங்களும் நோயெதிர்ப்புச் செல்களும் இருக்கின்றன. இந்தப் படலம் மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ முழுவதுமாகப் புதுப்பிக்கப்படுகிறது. மனித உடலில் நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் மாற்றப்படுகின்றன என்றும், அவற்றில் 12 விழுக்காடு குடல் எபிதீலியத்தைச் சேர்ந்தவை என்றும் 2021இல் ஒரு கணக்கு வெளியானது.

இத்தனை செல்கள் இறந்தும் குடலில் ஓட்டை விழாததற்குக் காரணம், அவை இறக்கும் விதம். ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் 1972இல் செல்லின் ஒழுங்கான இறப்புக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. குடலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. பழுத்த இலை விழுவதற்கு முன்பே காம்பின் அடியில் ஒரு தடுப்பு உருவாகிவிடுவதால் மரத்தில் புண் தெரிவதில்லை அல்லவா? குடலிலும் ஒரு செல் வெளியேறும்போது பக்கத்துச் செல்கள் அதன் அடியில் நெருங்கி, கைகோத்து, இடைவெளியை அடைத்துவிடுகின்றன.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குடலின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய கிரோன் நோய் ஆகிய குடல் அழற்சி நோய்களில் இந்த ஒழுங்கு கெடுகிறது. முதிர்ந்த செல்கள் மட்டுமல்லாமல், புதிய செல்கள் பிறக்கும் குழிகளில் உள்ளவையும் இறக்கின்றன. அதோடு நெக்ரோப்டோசிஸ் என்ற வேறொரு வகை இறப்பும் தலைகாட்டுகிறது. அதில் செல் வீங்கி, அதன் சவ்வு கிழிந்து, உள்ளிருப்பவையெல்லாம் வெளியே கொட்டுகின்றன. கொட்டியவற்றை நோயெதிர்ப்புச் செல்கள் அபாய அறிவிப்பாக எடுத்துக்கொண்டு டி.என்.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. மிகுதியாகச் சுரந்த டி.என்.எஃப். மேலும் பல குடல் செல்களைச் சாகத் தூண்டுகிறது. படலம் விட்ட இடத்தில் பாக்டீரியாக்கள் உள்ளே நுழைவதால் அழற்சி இன்னும் மூள்கிறது.

‘இறப்பைத் தடுத்துவிட்டால் என்ன?’ என்ற உங்கள் கேள்விக்கு 2011இல் எலிகளில் நடந்த ஆய்வுகள் எதிர்பாராத விடை தந்தன. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள், அப்போப்டோசிஸுக்குத் தேவையான காஸ்பேஸ்-8 என்னும் நொதியை எலிகளின் குடல் செல்களிலிருந்து மட்டும் நீக்கினார்கள். செல்கள் பிழைத்திருக்க வேண்டும். மாறாக, அவை நெக்ரோப்டோசிஸால் மடிந்தன. கிருமிகளைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கும் பானெத் செல்கள் அழிந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அழற்சி தானாகவே வந்தது. கிரோன் நோயாளிகளின் அதே பகுதியிலும் இவ்வகை இறப்பு கூடுதலாக இருப்பதை அவர்கள் கண்டார்கள். அதே ஆண்டு கொலோன் நகரக் குழு, இதே பாதையைச் சேர்ந்த இன்னொரு புரதத்தை நீக்கியபோது எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி வந்தது; குடல் பாக்டீரியாக்களை ஒழித்தபோது அந்த அழற்சி அடங்கியது. ஒழுங்கான வாசலை அடைத்தால் செல் சுவரை இடித்துக்கொண்டு போகிறது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிரோன் நோயில் குடல் சுவருக்குள் இருக்கும் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள், வேலை முடிந்ததும் இறக்க வேண்டியவை, இறக்க மறுத்துத் தங்கிவிடுகின்றன. 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து, டி.என்.எஃப்.ஐக் கட்டிப்போடுவதோடு அந்தச் செல்களை அப்போப்டோசிஸுக்கும் அனுப்புகிறது. டி.என்.எஃப்.ஐக் கட்டினாலும் அந்தச் செல்களை அப்படி அனுப்பாத எட்டனர்செப்ட் என்ற மருந்து மூட்டுவாதத்தில் நன்றாக வேலை செய்தும் கிரோன் நோயில் பயன்படாமல் போனதற்கு இந்த வேறுபாட்டையும் ஒரு விளக்கமாகச் சொல்கிறார்கள். ஆகவே எல்லாச் செல்களின் சாவையும் ஒட்டுமொத்தமாகத் தடுப்பது இங்கே கேடாகக்கூட முடியலாம். நெக்ரோப்டோசிஸில் பங்குள்ள ரிப்-1 என்ற நொதியை மட்டும் முடக்கும் மருந்தை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிடப் பெரிய பலன் தெரியவில்லை. முயற்சிகள் தொடர்கின்றன.

கேள்வி: ஐந்து நாளில் குடல் படலமே புதிதாகிவிடுமென்றால், புண் ஆற மாதக்கணக்கில் ஆவது ஏன்? வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் கொலனோஸ்கோப்பி (கேமரா உள்ள குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்கிறார்களே, அது தேவையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐந்து நாள் கணக்கு, குழியின் அடியில் புதிய செல்களைப் பிறப்பிக்கும் தண்டுச் செல்கள் நலமாக இருந்தால்தான் பொருந்தும். புண் விழுந்த இடத்தில் அந்தக் குழியே இருப்பதில்லை. சுற்றியுள்ள செல்கள் நகர்ந்து வந்து முதலில் மூடவேண்டும். பிறகு அண்டைக் குழிகள் இரண்டாகப் பிரிந்து புதியவற்றை உண்டாக்கவேண்டும். அப்படிப் பிறந்த குழிகள் கோணியும் கிளைத்தும் இருப்பதை பயாப்ஸியில் (சிறு திசுத் துண்டை எடுத்துப் பார்க்கும் சோதனையில்) பல காலம் கழித்தும் காணலாம். அழற்சி அடங்காதவரை இந்த வேலை இடையிடையே நின்று போகும்.

வயிற்றுப்போக்கு நிற்பதும் படலம் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. அதனால்தான் மருத்துவர் உள்ளே பார்க்க விரும்புகிறார். இடைக்காலத்தில் மலத்தில் குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பதும் உதவும். நலமாகிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கேட்காமல் விழுங்காதீர்கள், அவை நோயைக் கிளப்பிவிடக்கூடும். டி.என்.எஃப். தடுப்பு ஊசி தொடங்குவதாக இருந்தால், மறைந்திருக்கும் காசநோய்க்கான பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊசி மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடும். குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் நம் நாட்டில் இந்தக் கவனம் இன்னும் தேவை.